முத்திரை மேல் முத்திரை
(வானொலி இலக்கியத் தொடரில் ஒலிபரப்பான உரை)



எங்கள் வீட்டுக் காணி உறுதிகளோடு ஒரு பழைய தபாலுறையும் கட்டப்பட்டிருக்கிறது. தலைமன்னார் இறங்குதுறையில் வேலை செய்த என் பாட்டனார் 1941ஆம் ஆண்டு வீட்டுக்கு அனுப்பிய கடிதத்தின் உறை அது. கடிதம் போய்விட்டது, உறை எஞ்சியது. அதன் மூலையில், 20 சத முத்திரை ஒன்று இருக்கிறது. அதன்மேல் ஆங்கிலத்தில் ‘3 சதம்’ என்று மறுபடியும் அச்சிட்டிருக்கிறார்கள்.

அச்சாகி வந்த முத்திரையின்மேல் இவ்வாறு மீண்டும் அச்சிடுவதை மேலச்சு என்கிறோம். தபாற்கட்டணம் மாறும். புதிய முத்திரை இலண்டனில் அச்சாகிக் கப்பலேறி வரக் காலமாகும். கையிலுள்ள பழைய முத்திரையிலே புதிய விலையைப் பொறித்துவிட்டால் தபாற்கந்தோர் வேலை தடைப்படாது. 1885இல் இலங்கையில் 4 சத முத்திரை முதல் 96 சத முத்திரை வரை பலவும் ‘ஐந்து சதம்’ என்ற மேலச்சைத் தாங்கின. 1918இல் ‘போர் முத்திரை’ என்ற ஆங்கிலச் சொற்கள் ஏறின. எங்கோ நடந்த யுத்தத்துக்கு, இங்கே கடிதம் எழுதியவனும் வரி கொடுத்தான்.

விலை மட்டுமா மாறும்? ஆட்சியும் மாறும். என் மாமா ஒருவரின் முத்திரைத் தொகுப்பில் எருமைக் கொம்பு வைத்த ஆபிரிக்க முகமூடி ஒன்று இருந்தது. சிறுவயதில் அதைப் பார்க்க எனக்குப் பயம். பெல்ஜியக் கொங்கோ 1947இல் வெளியிடத் தொடங்கிய முகமூடி, சிற்ப வரிசையைச் சேர்ந்தது அது. லூபா மக்களின் கலை என்று முத்திரைப் பட்டியல்கள் அந்த வரிசையைக் குறித்தன. 1960 ஜூன் 30இல் கொங்கோ சுதந்திரம் பெற்றது. பதினொரு நாளில் கடாங்கா மாநிலம் தனிநாடென்று அறிவித்தது. தன் முத்திரை அச்சாகும்வரை பழைய கொங்கோ முத்திரைகளிலே ‘கடாங்கா’ என்று மேலச்சிட்டது. அவற்றுள் முகமூடி வரிசை முத்திரைகள் சிலவும் இருந்தன. வடகடாங்காவின் லூபா மக்களோ அந்த அரசை எதிர்த்துப் போராடிக்கொண்டிருந்தார்கள்! அவர்களுடையதென்று சொல்லப்பட்ட முகத்தின்மேல் அவர்கள் ஏற்காத பெயர். 1963 ஜனவரியில் கடாங்காவின் பிரிவினை முடிவுக்கு வந்தது. முத்திரையில் இன்றும் இரண்டு பெயர்களும் தெரிகின்றன.

மேலச்சில் போலிகள் மிகுதி. மலிவான பழைய முத்திரையில் நாலு எழுத்துப் பொறித்தால் விலை ஏறிவிடுமல்லவா? பாவித்த முத்திரையென்றால் உருப்பெருக்குக் கண்ணாடியால் ஒன்றைப் பார்க்கவேண்டும். தபாற்கந்தோர் குத்திய தேதி முத்திரையின் மை, மேலச்சின்மேல் படிந்திருக்கவேண்டும். மேலச்சு அந்த மையின்மேல் ஏறியிருந்தால், பிற்காலத்தில் எவரோ செய்த வேலை அது. ஏட்டுச்சுவடியில் இடைச்செருகலைத் தேடும் தமிழாசிரியனும் இதைத்தான் கேட்கிறான்: எது முன், எது பின்?

இனி என் குற்றத்தைச் சொல்லவேண்டும். அந்த உறையில் முதலில் இரண்டு முத்திரைகள் இருந்தன. ஒன்பது வயதில், நல்லதாக இருந்ததை நான் தண்ணீரில் நனைத்துக் கழற்றி மாமாவின் தொகுப்பில் ஒட்டினேன். தேதி முத்திரையின் பாதி அதோடு போயிற்று. அடுத்த ஆண்டு, 1990இல், நாங்கள் இடம்பெயர்ந்தோம். உறுதிக்கட்டு அம்மாவின் சீலைக்குள் வந்தது, தொகுப்பு வரவில்லை. திரும்பி வந்தபோது வீட்டில் கதவுகூட இல்லை.

இப்போது உறையில் ஆண்டு மட்டும் தெரிகிறது. நாளும் மாதமும் அந்தத் தொகுப்போடு போய்விட்டன. பாட்டனார் எந்த மாதத்தில், எதைப்பற்றி எழுதினார் என்று சொல்ல வீட்டில் யாருமில்லை. மாமா மட்டும் இன்றும் அந்தக் கொம்பு முகமூடியைக் கேட்பார்.

ஆகவே நேயர்களே, உங்கள் வீட்டுப் பெட்டியில் பழைய உறை கிடந்தால், முத்திரையைக் கழற்றாதீர்கள். எழுதிய ஊர், சேர்ந்த ஊர், நாள் எல்லாம் உறையிலேதான் இருக்கின்றன. அதை யார் எழுதினார், யாருக்கு எழுதினார் என்று வீட்டிலுள்ள பெரியவர்களிடம் இன்றே கேட்டு எழுதிவையுங்கள். நான் கேட்கத் தவறினேன்.