பழைய காரும் புது ஆயிலும்



நிட்டிங் மெஷினுக்கு எந்த நீடில் ஆயில் என்று பத்துத் தடவை கேட்கிற ஊர் நம் திருப்பூர். ஆயில் தப்பினால் துணியில் கறை. காருக்கு மட்டும் நாம் கேட்பதில்லை, நானும் கேட்கவில்லை.

2014-ல் உற்பத்தி நின்றுபோன மாருதி 800, அப்பாவுடையது. இரண்டு லட்சம் கிலோமீட்டர் ஓடியது. 20டபிள்யூ-40 சாதா ஆயிலை இறக்கிவிட்டு, 5டபிள்யூ-30 சிந்தெடிக் ஊற்றினேன். மூன்றாம் வாரம் அவிநாசி ரோட்டில் ஆயில் விளக்கு எரிந்தது. அப்பா உடனே நிறுத்தியதால் இன்ஜின் பிழைத்தது.

சிந்தெடிக் மேல் பழி போடாதீங்க. சீல்கள் ஏற்கெனவே இறுகிப் போயிருந்தன. இடுக்கை அடைத்திருந்த கசடு கழுவிப்போக, மெல்லிய ஆயில் கசிந்துவிட்டது. முன் எண் குளிரில் ஸ்டார்ட் ஆவதற்கு. பின் எண் 100 டிகிரி சூட்டில் ஆயிலின் கனம். நம் ஊர் வெயிலுக்குப் பின் எண்தான் முக்கியம். அதைக் குறைத்தது என் தப்பு.

முதலில் கசிவு, நீலப்புகை பாருங்க. சீலை மாற்றுங்க. கையேட்டில் உள்ள எண்ணிலேயே சிந்தெடிக் வாங்குங்க. பிறகு வாரம் ஒருமுறை டிப்ஸ்டிக்.

அன்று அப்பா ஒன்றே கேட்டார்: "குச்சியை எடுத்துப் பாத்தியா, கண்ணு?" பட்டம் வாங்கிய எனக்குப் பதில் வரவில்லை.