பாட்டைக் கூண்டில் ஏற்றிய வழக்கு

  

ராப் இசை இளைஞர்களை வன்முறைக்குத் தள்ளுகிறதா என்ற கேள்வி இந்த அவையில் பாதிப் பேருக்குப் பழையது. கருத்தரங்குதோறும் ஊடகவியல் நண்பர்கள் ‘தள்ளுகிறது’ என்று சொல்லி ஓர் ஆய்வைக் காட்டுவார்கள். சட்டத்துறை நண்பர்கள் ‘கருத்துரிமை’ என்பார்கள். அதற்குள் தேநீர் வந்துவிடும். உரையாளருக்கு இரு தரப்பார் மீதும் மனத்தாங்கல் உண்டு. முதல் தரப்பார் வைக்கும் குற்றச்சாட்டு முப்பது ஆண்டுகளுக்கு முன்பே நீதிமன்றம் ஏறித் தோற்றுப்போனது. அதை அவர்கள் கணக்கில் எடுப்பதே இல்லை. இரண்டாம் தரப்பார் உரிமையைப் பேசி, உண்மை என்ன என்ற கேள்வியை லாகவமாகத் தாண்டிப் போகிறார்கள்.

டெக்சஸில் நடந்தது

1992 ஏப்ரல் 11 அன்று டெக்சஸ் மாநிலத்தின் ஜாக்சன் கவுண்டியில், முன்விளக்கு பழுதான ஒரு வண்டியை நெடுஞ்சாலைக் காவலர் பில் டேவிட்சன் நிறுத்தினார். ஓட்டிவந்த ரொனால்ட் ரே ஹோவர்டுக்கு இருபது வயதுகூட ஆகவில்லை. வண்டி திருட்டு வண்டி. காவலர் அருகில் வந்ததும் ஹோவர்ட் கைத்துப்பாக்கியால் சுட்டார். மூன்று நாள் கழித்து டேவிட்சன் இறந்தார். வண்டியில் ஓடிக்கொண்டிருந்தது ராப் கலைஞர் டூபாக் ஷகூரின் ‘டூபாக்கலிப்ஸ் நௌ’. அதுவும் கடையில் வாங்கியதல்ல, யாரோ படியெடுத்துக் கொடுத்த நாடா.

அந்தத் தொகுப்பு வெளிவந்து ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது. டூபாக்கின் தாய் அஃபெனி ஷகூர் அமெரிக்கக் கறுப்பர்களின் கறுஞ்சிறுத்தைகள் இயக்கத்தில் இருந்தவர். 1971இல் நியூயார்க்கில் நடந்த சதி வழக்கில் விடுதலையானவர். தொகுப்பு வெளியாவதற்குச் சில வாரங்களுக்கு முன், சாலையைத் தவறாகக் கடந்தார் என்று ஓக்லாந்து காவலர்கள் டூபாக்கைப் பிடித்தார்கள். அடித்தார்கள் என்று அவர் ஒரு கோடி டாலர் கேட்டு வழக்குப் போட, நாற்பதாயிரத்தைச் சற்றுத் தாண்டிய தொகையில் அது சமரசமானது. தொகுப்பில் காவலரைச் சுடுபவனின் கதையும் உண்டு. பன்னிரண்டு வயதில் கர்ப்பமாகிக் கைவிடப்பட்ட சிறுமியின் கதையும் உண்டு. இரண்டாவதைக் கேட்டு யார் என்ன ஆனார்கள் என்று எந்த வழக்கறிஞரும் விசாரிக்கவில்லை.

ஹோவர்டின் வழக்கறிஞர் ஆலன் டேனர். சுட்டது யார் என்பதில் ஐயத்துக்கு இடமில்லை. தூக்கிலிருந்து, டெக்சஸில் நச்சு ஊசியிலிருந்து, கட்சிக்காரரைக் காப்பாற்றுவதுதான் மிச்சம். அதற்கு அவர் பிடித்த வழி பாட்டு. ஹூஸ்டனின் ஏழைப் பேட்டையில் வளர்ந்தவன், காவலர்களை வெறுக்கச் சொல்லும் பாட்டையே கேட்டுக் கேட்டு ஊறிப்போனவன், அந்த நொடியில் பாட்டுத்தான் அவன் கையைப் பிடித்து இழுத்தது என்பது வாதம். வழக்குக்குக் கிடைத்த விளம்பரம் காரணமாக விசாரணை ஆஸ்டினுக்கு மாற்றப்பட்டிருந்தது. அங்கே ஜூரிகளுக்குப் பாடல்களைப் போட்டுக் காட்டினார்கள்.

இந்த இடத்தில் அவையினர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பாட்டின் மேல் பழிபோட விரும்பியவர்கள் யார் யார்? கொன்றவரின் வழக்கறிஞருக்கு அது தேவைப்பட்டது. கட்சிக்காரரின் உயிர் அதில் தொங்கியது. இறந்தவரின் மனைவிக்கும் தேவைப்பட்டது. டூபாக் மீதும் தொகுப்பை வெளியிட்ட நிறுவனங்கள் மீதும் அவர் இழப்பீட்டு வழக்குத் தொடர்ந்தார். அப்போதைய அமெரிக்கத் துணை அதிபர் டான் குவேலுக்கும் தேவைப்பட்டது. 1992 தேர்தல் ஆண்டு, அந்தச் செப்டம்பரில் இந்தத் தொகுப்புக்குச் சமூகத்தில் இடமில்லை என்று அவர் முழங்கினார். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க விரும்பாத மூன்று தரப்பும் ஒரே நாடாவைச் சுட்டிக்காட்டின. சுட்டிக்காட்டாத தரப்பு அரசுத் தரப்பு மட்டும். திருட்டு வண்டியோடு மாட்டிக்கொள்வோம் என்ற பயத்தில் சுட்டார், அவ்வளவுதான் என்றது அது.

1993 ஜூனில் ஒரு மணி நேரத்துக்குள் குற்றம் உறுதியானது. தண்டனையை முடிவு செய்யத்தான் ஜூரிகளுக்கு ஆறு நாள் பிடித்தது. அந்த ஆறு நாளை ஊடகவியல் நண்பர்கள் தமக்குச் சாதகமாகக் காட்டுவது உண்டு: யாரோ சிலர் தயங்கியிருக்கிறார்களே! தயங்கியிருக்கலாம். பையனின் வயதும் வளர்ந்த விதமும்கூட அவர்கள் முன் இருந்தன. முடிவில் மரண தண்டனை. 2005 அக்டோபர் 6 அன்று அது நிறைவேறியது.

ஜூரிகளின் முடிவு அறிவியல் அல்ல என்று மறுப்பு வரும். சரியான மறுப்புத்தான். ஆனால் இழப்பீட்டு வழக்கின் தீர்ப்பு 1997இல் வந்தது. அதற்குள் டூபாக்கே லாஸ் வேகாஸில் சுடப்பட்டு இறந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. நீதிபதி ஜான் ரெய்னிக்கு அந்தத் தொகுப்பின் மேல் கடுகளவும் பிரியம் இல்லை. அருவருப்பானது என்றும், இத்தனை பேர் வாங்கியது சமூகச் சீரழிவின் அடையாளம் என்றும் அவர் எழுதினார். எழுதிவிட்டு வழக்கைத் தள்ளுபடி செய்தார். உடனடியாக நடக்கக்கூடிய சட்டமீறலை வேண்டுமென்றே தூண்டும் பேச்சுக்குத்தான் பாதுகாப்பு இல்லை என்ற அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் 1969ஆம் ஆண்டு பிராண்டன்பர்க் தீர்ப்பின் அளவுகோல் ஒரு காரணம். சட்டத்துறை நண்பர்கள் இதோடு நிறுத்திக்கொள்வார்கள். உரையாளருக்கு முக்கியமாகப் படுவது அதே தீர்ப்பில் உள்ள இன்னொரு செய்தி: தொகுப்பு நான்கு லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றிருந்தது, அதைக் கேட்டு நடந்ததாக வழக்குத் தொடுத்தவர்கள் காட்ட முடிந்த வன்முறை இந்த ஒன்றுதான். இது உரிமைப் பேச்சு அல்ல, சாட்சியக் கணக்கு. ராப்பை வெறுத்த ஒரு நீதிபதி போட்ட கணக்கு என்பதால் அதற்கு எடை கூடுகிறது.

பெயர் செய்யும் வேலை

அதே 1992இல் ‘காப் கில்லர்’ என்ற பாட்டுக்கு எதிராக டெக்சஸ் காவலர் சங்கம் ஒன்று டைம் வார்னர் நிறுவனத்தைப் புறக்கணிக்க அழைப்பு விடுத்தது. பங்குதாரர் கூட்டத்தில் நடிகர் சார்ல்டன் ஹெஸ்டன் எழுந்து வரிகளை வாசித்தார். ஜூலையில் அதைப் பாடிய ஐஸ்-டி அதைத் திரும்பப் பெற்றார். நாடே ராப் பாட்டு என்று ஏசிய அது ராப்பே அல்ல. பாடி கவுண்ட் என்ற மெட்டல் ராக் குழுவின் பாட்டு. பாடியவர் ராப் கலைஞர், கறுப்பர். அது போதுமானதாக இருந்தது.

உளவியலாளர் கேரி ஃபிரைட் 1996இல் வெளியிட்ட சோதனை இதைப் பிடித்துக் காட்டியது. காவலரைக் கொன்றவன் சொல்வதாக அமைந்த ஒரு பாடல், 1960இல் கிங்ஸ்டன் ட்ரையோ என்ற வெள்ளையர் குழு பாடிப் பரவலாகக் கேட்கப்பட்டது. அதன் வரிகளைத் தாளில் கொடுத்து, சிலரிடம் ராப் என்றும் சிலரிடம் கிராமியப் பாணியான கன்ட்ரி என்றும் சொன்னார். ராப் என்று நம்பியவர்களுக்கு அதே வரிகள் அதிக ஆபத்தாகத் தெரிந்தன. இருபது ஆண்டுகள் கழித்து, 2016இல், வேறு ஆய்வாளர்கள் செய்து பார்த்தபோதும் போக்கு மாறவில்லை. 1960இல் அந்தப் பாட்டை யாரும் நீதிமன்றத்துக்கு இழுக்கவில்லை.

நண்பர்கள் காட்டும் ஆய்வு

கருத்தரங்குகளில் வந்துகொண்டே இருப்பது உளவியலாளர் கிரெய்க் ஆண்டர்சன் குழுவின் 2003ஆம் ஆண்டுக் கட்டுரை. அதை மேற்கோள் காட்டும் எல்லாரும் படித்திருக்கிறார்களா என்பது உரையாளரின் நெடுநாள் ஐயம். ஐந்து சோதனைகள், ஐந்நூறுக்கு மேற்பட்ட கல்லூரி மாணவர்கள். முதல் சோதனையில் ஒலித்தது டூல் என்ற ராக் குழுவின் பாட்டு. அளந்தது எண்ணங்களையும் உணர்ச்சிகளையும், அதாவது அரைகுறைச் சொல்லை மாணவர் எப்படி நிரப்புகிறார் என்பது போன்றவற்றை. யாரும் யாரையும் அடிக்கவில்லை. விளைவு விரைவில் கரைந்துவிடக்கூடும் என்பதை அந்த ஆய்வாளர்களே மறைக்கவில்லை. வன்முறை வரி சற்று நேரம் மனத்தைச் சூடாக்கும் என்று வேண்டுமானால் இதிலிருந்து சொல்லலாம். துப்பாக்கிக்குப் போக இன்னும் வெகுதூரம் இருக்கிறது.

துப்பாக்கியைப் பற்றிப் பேசியவர் குற்றவியலாளர் ஆல்ஃபிரட் பிளம்ஸ்டைன். 1985க்குப் பிறகு அமெரிக்கச் சிறுவர்கள் துப்பாக்கியால் செய்த கொலைகள் இரு மடங்குக்கு மேல் ஏறின. துப்பாக்கி இல்லாமல் செய்த கொலைகள் ஏறவில்லை. கிராக் கொக்கெய்ன் வியாபாரிகள் பதின்வயதினரைக் கூலிக்கு எடுத்தார்கள். சரக்கும் பணமும் சுமந்த பையன்கள் துப்பாக்கியும் சுமந்தார்கள். அதைப் பார்த்துத் தெருவில் மற்றவர்களும் வாங்கினார்கள் என்பது அவர் விளக்கம். பாட்டுத்தான் காரணம் என்றால் அது கத்தியையும் கட்டையையும் ஏன் விட்டுவைத்தது? மேலும், 1990களின் நடுவிலிருந்து சிறுவர் கொலைக் கைதுகள் மளமளவென்று சரிந்தன. அதே காலத்தில்தான் ராப் புறநகர் வெள்ளையர் வீடுகளுக்குள்ளும் புகுந்து சந்தையைப் பிடித்தது.

எதிர்த்தரப்புக்கு விட்டுக்கொடுக்க வேண்டியது

ராப்பின் ஒரு கிளையான டிரில் வேறு சங்கதி. சிகாகோவிலும் லண்டனிலும் அதில் எதிர்க் கும்பலின் பெயர் சொல்லி, இறந்தவர்களைக் கேலி செய்து, காணொளியாகப் போடுகிறார்கள். அது பகையைக் கிளறாது என்று சொல்பவர் கண்ணை மூடிக்கொள்கிறார். ஆனால் பகை பாட்டுக்கு முந்தியது. 2019இல் லண்டனில் ஸ்கெங்டோ, ஏஎம் என்ற இருவருக்கு, தடையாணையை மீறி ஒரு பாட்டைப் பாடியதற்காக ஒன்பது மாதச் சிறைத்தண்டனை, நிறுத்திவைப்புடன், விதிக்கப்பட்டது. இதைப் பற்றித் தனி உரையே வேண்டும்.

விட்டுக்கொடுக்க முடியாததும் ஒன்று உண்டு: அட்லாண்டாவில் 2022இல் ராப் பாடகர் யங் தக் மீதான குற்றப்பத்திரிகையில் அரசுத் தரப்பே பாடல் வரிகளைச் சான்றாக அடுக்கியது. டெக்சஸில் சாக்காக வந்தது இங்கே வாக்குமூலமாக ஆனது. கலிஃபோர்னியா அதே ஆண்டு வரிகளைச் சான்றாக்குவதற்குக் கட்டுப்பாடு போட்டுச் சட்டம் இயற்றியது.

செய்ய வேண்டியவை

நேரம் குறைவு, நம் நாட்டுக்கு வருவோம். பஞ்சாப்–ஹரியானா உயர் நீதிமன்றம் 2019இல் மதுவையும் வன்முறையையும் புகழும் பாடல்களை மேடை நிகழ்ச்சிகளில் தடுக்கக் காவல்துறைக்கு உத்தரவிட்டது. பஞ்சாபின் ராப் பாடகர் சித்து மூஸேவாலா 2022 மே 29 அன்று சுட்டுக் கொல்லப்பட்டார். இந்த இரண்டையும் சேர்த்துச் சட்டத்துறையில் யாராவது முனைவர் பட்டத்துக்கு எடுக்கலாம். சென்னையில் கானா பற்றிய காவல்துறைப் பார்வையைத் தனியே தேட வேண்டும். ஃபிரைடின் சோதனையைத் தமிழில் செய்வது எளிது, செலவும் இல்லை: நா. வானமாமலை பதிப்பித்த ‘கான்சாகிபு சண்டை’யிலிருந்தோ ‘முத்துப்பட்டன் கதை’யிலிருந்தோ வெட்டும் குத்தும் வரும் பகுதியை இக்காலப் பேச்சில் எழுதி, ஒரு வகுப்புக்கு நாட்டார் பாடல் என்றும், ஒரு வகுப்புக்குக் கானா என்றும், ஒரு வகுப்புக்கு ராப் என்றும் கொடுக்கலாம். மூன்று வகுப்புக்கும் கேள்வித்தாள் ஒன்றாகவே இருக்க வேண்டும். ஆசிரியர்களிடமும் தனியாகக் கொடுத்துப் பார்க்கலாம்.