கல்லில் ஏறாத பெயர்



ஆடி அமாவாசையன்று குற்றாலத்தில் கூடும் கூட்டம் உங்களுக்குத் தெரியாததல்ல. எள்ளும் தண்ணீரும் இறைக்க உட்கார்ந்தவரிடம் தகப்பனார் பெயர், பாட்டனார் பெயர் என்று வரிசையாகக் கேட்பார்கள். திதி தெரியாவிட்டால் பரவாயில்லை, அமாவாசை இருக்கிறது. பெயரைத்தான் விடமாட்டார்கள். அப்படியிருக்க, முதல் உலகப்போரில் கடல் தாண்டிப் போய் மடிந்த நம் காலாட்படைச் சிப்பாயின் பெயர் என்ன ஆயிற்று என்பதுதான் இன்றைய பேச்சு.

நம் தென்காசிக்குப் பக்கத்து ஊர்ப் பெயரையே தாங்கிய படை ஒன்று இருந்தது: 63ஆம் பாளையங்கோட்டை இலகு காலாட்படை. 1914 அக்டோபரில் பம்பாயில் கப்பலேறிய அந்தப் படை, நவம்பர் தொடக்கத்தில் ஜெர்மானியர் வசமிருந்த தாங்கா துறைமுகத்தருகே இறக்கப்பட்டது. இன்றைக்கு அது தான்சானியா. பிரிட்டிஷ் தளபதி எயிட்கனின் ஆட்கள் ஏறத்தாழ 8,000 பேர்; எதிரே ஜெர்மானியத் தளபதி லெட்டோ-ஃபோர்பெக்கிடம் இருந்தவர்கள் ஆயிரம் பேர் அளவுதான். கரையில் என்ன இருக்கிறதென்று ஒழுங்காக வேவு பார்க்கவில்லை. வாரக்கணக்கில் கப்பலில் கிடந்து களைத்தவர்கள் அலையாத்திக் காட்டுச் சேற்றில் இறங்கினார்கள். பாளையங்கோட்டைப் படை நிலைகுலைந்து ஓடியது. அதை நான் மூடி மறைக்கப் போவதில்லை. ஆனால் அந்தச் சண்டையின் நடுவே தேனீக்கள் படையினரைக் கொட்டிய கதையை ரசித்து ரசித்து எழுதியவர்கள், அங்கே விழுந்து கிடந்தவன் யார் என்று கேட்கவில்லை. தோற்ற சண்டையில் செத்தவனுக்கும் வீட்டில் ஆட்கள் காத்திருந்தார்கள்.

மெசபடோமியாவில், அதாவது இன்றைய ஈராக்கில், நடந்தது இன்னும் கொடுமை. 1929இல் திறக்கப்பட்ட பஸ்ரா நினைவுச்சின்னம், கல்லறை தெரியாத 40,500க்கும் மேற்பட்டோருக்கானது. அவர்களில் மிகப் பெரும்பாலோர் இந்தியர். வெள்ளைக்காரச் சிப்பாய் என்றால் கல்லில் பெயர் உண்டு. இந்திய அதிகாரிக்கும் உண்டு. சாதாரண இந்தியச் சிப்பாய்களுக்கோ, படைப்பிரிவின் பெயருக்குக் கீழே 'மேலும் இத்தனை பேர்' என்று ஓர் எண்தான். இறந்தவர் எல்லோருக்கும் சமமான மரியாதை என்று போர்க் கல்லறைகளை அமைப்பது பற்றிய கென்யன் அறிக்கை 1918லேயே சொல்லியிருந்தது என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

இதற்கு நேர்மாறாக நம் பழைய வழக்கத்தைப் பாருங்கள். தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006இல் கிடைத்த நடுகற்களுக்கு ஈராயிரம் ஆண்டுக்கு மேல் வயது. அவற்றில் ஒன்றில், ஆநிரை கவரும் பூசலில் இறந்த அந்தவன் என்பவனின் பெயரும், பூசல் நடந்த கூடலூரின் பெயரும் தமிழி எழுத்தில் வெட்டப்பட்டிருக்கின்றன. மாட்டுக்கான சண்டையில் செத்தவனுக்கு நம் ஆட்கள் செய்ததை, ஒரு பேரரசு தனக்காகச் செத்தவனுக்குச் செய்யவில்லை. இதற்குச் செலவையும் வசதியையும் காரணம் காட்டினால் நான் ஏற்கமாட்டேன். இவன் பெயரை யார் தேடி வரப்போகிறார்கள் என்ற நினைப்புதான் காரணம்.

இந்த நினைவுச்சின்னங்களுக்குப் பொறுப்பான காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையமே 2021 ஏப்ரலில் வெளியிட்ட அறிக்கையில் இந்தப் பாகுபாட்டை ஒப்புக்கொண்டது. பேரரசுக்காகச் செத்தவர்களில் குறைந்தது 1,16,000 பேர் பெயரால் நினைவுகூரப்படவே இல்லை, அந்த எண்ணிக்கை 3,50,000 வரை போகலாம் என்றது. பிரிட்டிஷ் பாதுகாப்பு அமைச்சர் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார்.

மன்னிப்பு இருக்கட்டும். நம் கையில் இருக்கும் வேலையைச் சொல்கிறேன். ஆணையத்தின் பதிவேடு இப்போது இணையத்திலேயே இருக்கிறது. பல பதிவுகளில் சிப்பாயின் எண், படைப்பிரிவு, இறந்த தேதி ஆகியவற்றோடு தகப்பன் பெயரும் ஊரும் உண்டு. தென்காசி மாவட்டம் பிறந்தது 2019இல்தான்; பழைய பதிவில் அது மாவட்டமாக இருக்காது. ஆகவே திருநெல்வேலியை வெள்ளைக்காரன் எழுதிய பழைய எழுத்துக்கூட்டலில் தேடுங்கள். ஊர்ப் பெயர்கள் கன்னாபின்னாவென்று இருக்கும். வாய்விட்டுப் படித்தால் பிடிபட்டுவிடும்.

வீட்டுப் பெட்டியில் பழைய பதக்கம் கிடந்தால், ராஜா தலையைப் பார்த்துவிட்டு வைத்துவிடாதீர்கள். விளிம்பைத் திருப்பிப் பாருங்கள். முதல் உலகப்போரின் வட்டப் பதக்கங்களில் அங்கேதான் எண்ணும் பதவியும் பெயரும் படைப்பிரிவும் பொடி எழுத்தில் பொறித்திருக்கும். துணியால் துடைத்து, சாய்ந்த வெளிச்சத்தில் படித்து, அப்படியே எழுதிக் கொண்டுவாருங்கள். வட்டம் வட்டமாக ஒரு பட்டியல் போட்டுவிடலாம்.