மறைப்பது வேறு, நீக்குவது வேறு



நம் இதழின் பக்கங்களைக் கணினியில் அமைக்கப் பழகும் இளையோர்க்கு, எழுத்தையும் படத்தையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் முறையைச் சொல்லுமாறு என்னைப் பணித்துள்ளனர். சிறிய செய்திதானே என்று எண்ணிவிடாதீர்கள்.

ஈய எழுத்துக் கோத்த நாளில் படக்கட்டை அமர்ந்த இடத்தில் எழுத்து அமர இயலாது. சொற்செயலியில் அவ்வாறன்று. வேர்டு என்னும் செயலியில் நாம் இடும் படம் முதற்கண் ஓர் எழுத்தைப்போல் வரியிலேயே நிற்கும். ‘எழுத்தின் பின்’ என்றோ ‘எழுத்தின் முன்’ என்றோ நிலையை மாற்றிய பின்னரே வரியை விட்டு விடுபடும். ஆக, அடியில் ஒரு படம், நடுவில் எழுத்து, மேலே மற்றொரு படம் என மூன்று தளங்கள் கிடைக்கின்றன.

விடுபட்ட படமும் கட்டற்றதன்று. ஏதேனும் ஒரு பத்தியோடு நங்கூரமிட்டுப் பிணைக்கப்பட்டிருக்கும். அப்பத்தி அடுத்த பக்கத்திற்குப் போனால் படமும் போகும். பத்தியை முழுதும் அழித்தால் படமும் அழியும். இஃதறியாமல் ஒரு மலரின் முகப்புப் படத்தைத் தொலைத்து இரவெல்லாம் தேடியவன் நான்!

ஆனால், நான் பெரிதும் அஞ்சுவது வேறொன்று. மேல்தளத்தில் வைத்தது கீழே இருப்பதை மறைக்குமேயன்றி நீக்காது. பெயரின்மேல் கருங்கட்டம் ஒன்றை வைத்து மூடிவிட்டுக் கோப்பை அப்படியே பிறர்க்கு விடுக்கின்றனர். கட்டத்தை நகர்த்தினால் பெயர் அங்கேயே இருக்கும். பி.டி.எப். கோப்பாக மாற்றினாலும் பெரும்பாலும் அதே நிலைதான். 2019 சனவரியில், அமெரிக்காவில் மானபோர்ட்டு என்பாரின் வழக்கறிஞர்கள் வழக்குமன்றத்தில் அளித்த கோப்பில் சில வரிகளைக் கறுப்பால் மூடியிருந்தனர். செய்தியாளர்கள் அவ்வரிகளைப் படியெடுத்து வேறிடத்தில் ஒட்டினர். 2016 தேர்தல் கணிப்புச் செய்திகளை அவர் கிலிம்னிக்கு என்பவரோடு பகிர்ந்தார் என்பது வெளிப்பட்டுவிட்டது. சட்டம் கற்றாரே இவ்வாறு சறுக்கினர்.

நமக்கு மடல் எழுதுவோருள் தம் பெயரோ ஊரோ வெளிவரலாகாது என வேண்டுவோர் உளர். நம்மை நம்பி எழுதுகின்றனர். அவர்தம் பெயரைக் கட்டத்தால் மூடாதீர்கள். எழுத்திலேயே நீக்கிப் புள்ளியிடுங்கள். திருத்தங்களைப் பதிந்துவைக்கும் வசதி இயங்கினால் நீக்கிய சொல்லும் உள்ளே தங்கும். அத்திருத்தங்களை ஏற்று முடியுங்கள். பின்னர்ப் பக்கம் முழுவதையும் படியெடுத்து ஒரு வெறுங்கோப்பில் எழுத்தை மட்டும் ஒட்டிப் பாருங்கள். மூடிய பெயர் அங்கே வந்து நின்றால், கோப்பை அனுப்பாதீர்கள்.