எங்கள் ஊர்க் கால்வாய்



மரக்காணம் பக்கம், பக்கிங்ஹாம் கால்வாய்க் கரையில் ஒரு சின்ன கிராமம் எங்களுடையது. 1806-இல் சென்னைக்கும் எண்ணூருக்கும் இடையே வெட்டத் தொடங்கிய கால்வாய், பின்னர் ஆந்திரக் கரையிலிருந்து மரக்காணம் வரை சுமார் 420 கிலோமீட்டர் நீண்டது. அடையாற்றையும் கூவத்தையும் இணைத்த பகுதி, 1877-78 தாது வருஷப் பஞ்சத்தில் பசித்த மக்கள் மண் சுமந்து வெட்டியது.

"உப்பும் சவுக்கு விறகும் ஏத்தின படகு. காத்து இல்லேன்னா கரையில நடந்து கயித்தால இழுப்போம்" என்பார் எங்கள் தாத்தா. 1965-66 புயல்களில் கரைகள் சேதமாயின. படகுகளும் நாளடைவில் நின்றுபோயின. 2004 சுனாமியின்போது உள்ளே வந்த கடல்நீரில் ஒரு பங்கை வாங்கிக்கொண்டதும் இந்தக் கால்வாய்தான். இதைச் சாக்கடை என்று சொல்ல எனக்கு மனசு வராது.

2008-இல் இது தேசிய நீர்வழி 4-இல் சேர்க்கப்பட்டது. ஆனால் தாழ்வாக ஒரு பாலம் கட்டினாலே போதும், படகுக்கு வழி அடைபட்டுவிடும். சிவில் படிக்கும் தம்பி தங்கைகளே, பாலத்துக்கு வரைபடம் போடுமுன் கரையோரப் பெரியவர்களிடம் போய், "மழைக்காலத்துல தண்ணி எதுவரைக்கும் ஏறும், தாத்தா?" என்று கேளுங்கள். சொல்ல ஆள் இருக்கும்போதே அந்த அளவைக் குறித்துக்கொள்ளுங்கள்.