வேதக்கோயில் திண்ணை



என் அப்பத்தா கிறிஸ்தவர் இல்லை. வீரபாண்டி கௌமாரியம்மனுக்குச் சித்திரையில் தீச்சட்டி எடுத்தவர். ஆனால் அவர் அ, ஆ படித்தது எங்கள் ஊர் வேதக்கோயில் திண்ணையில். படித்தது இரண்டே வருஷம். ஒருநாள் வீட்டுக்கு ஒருவர் புரோநோட்டு கொண்டுவந்து, கைநாட்டு வைக்கச் சொல்லி மைப்பெட்டியைத் திறந்தார். அப்பத்தா காகிதத்தை வாங்கி மடியில் வைத்து, ஒவ்வொரு எழுத்தாக விரலை நகர்த்தி வாசித்தார். நிமிர்ந்து கேட்டார்: “வாங்குனது முந்நூறு. இதுல ஐந்நூறுன்னுல்ல எழுதியிருக்கு?” மைப்பெட்டி மூடிக்கொண்டது. நான் அப்போது சிறுவன். அந்த மூடி விழுந்த சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

அந்தத் திண்ணை எங்கிருந்து வந்தது? அமெரிக்காவிலிருந்து.

அமெரிக்கா சுதந்திர நாடானது 1776இல். அதற்கு 129 ஆண்டுகளுக்கு முன்பே, 1647இல், மாசசூசெட்ஸ் குடியேற்றத்தில் ஒரு சட்டம் போட்டார்கள். 50 குடும்பம் இருக்கிற ஊர் ஒரு வாத்தியாரை வைத்தாக வேண்டும். 100 குடும்பம் இருந்தால் மேற்படிப்புக்குப் பள்ளி வைத்தாக வேண்டும். காரணத்தையும் அந்தச் சட்டத்திலேயே எழுதினார்கள்: மனிதனை வேதம் வாசிக்க விடாமல் தடுப்பது சாத்தானின் வேலை. பூசாரி சொல்லிக் கேட்டால் போதாது, அவனவன் வேதத்தை அவனவன் கண்ணால் படிக்க வேண்டும் என்பது அங்கே குடியேறிய பியூரிட்டன் கிறிஸ்தவர்களின் பிடிவாதம். ஹார்வர்டு கல்லூரியை 1636இலேயே கண்டவர்கள் அவர்கள். நாடு பிறக்கும் முன்பே அங்கே பள்ளிக்கூடம் பிறந்துவிட்டது.

அந்த மரபில் வந்தவர்கள்தான் 1810இல் அமெரிக்கன் போர்டு என்ற மிஷன் சங்கத்தை அமைத்தார்கள். 1816இல் யாழ்ப்பாணம், 1834இல் மதுரை என்று வந்து சேர்ந்தார்கள். டேனியல் பூவர் என்ற பாதிரியார் மதுரைப் பக்கம் 37 பள்ளிகளைத் திறந்தார். ஊர் ஊராகப் போய், குதிரை மேல் இருந்தபடியே ஜனங்களிடம் பேசுவாராம். 1845இல் பசுமலைக்குக் குருமடம் வந்தது. அங்கே பயின்ற உபதேசியார்கள் கிராமங்களுக்கு வந்து கூரைப் பள்ளிகளில் எழுத்து கற்பித்தார்கள். நம் பெரியகுளம் மிஷனுக்கு ஒரு மையமாக ஆனது. இன்றைக்கு நாம் அந்த அமெரிக்கப் பாதிரிமார்களைக் கொடைக்கானலை உண்டாக்கியவர்களாக மட்டும் நினைக்கிறோம். மலையடிவாரத்துக் கிருஷ்ணமநாயக்கன் தோப்பிலிருந்து மலையேறிப் போய் 1845இல் அங்கே இரண்டு வீடு கட்டினார்கள் என்பது உண்மை. எனக்கு அந்த வீடுகளைவிடக் கீழே இருந்த கூரைப் பள்ளிகள் பெரியவை.

இதற்கு முன் இங்கே கல்வியே இல்லை என்று யாராவது சொன்னால் நான் ஒப்ப மாட்டேன். 1826இல் ஆளுநர் தாமஸ் மன்றோ தந்த கணக்கில் சென்னை மாகாணத்தில் 12,498 பள்ளிகள் இருந்தன. மணலில் விரலால் எழுதிப் பழகும் திண்ணைப் பள்ளிகள். படித்தவர்கள் 1,88,650 பேர். அதில் பெண்பிள்ளைகள் எத்தனை தெரியுமா தாய்மார்களே? 4,540. மாகாணம் முழுவதற்கும் அவ்வளவுதான். சேரியிலிருந்து எத்தனை பிள்ளைகள் அந்தத் திண்ணை ஏறியிருப்பார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

வந்தவர்களைத் தெய்வமாக்கவும் எனக்கு மனம் இல்லை. மதுரையில் அவர்கள் கால் வைத்த அதே 1834இல், அவர்கள் நாட்டின் தென்கரோலினா மாநிலம், அடிமைக்கு எழுத்து சொல்லிக்கொடுத்தால் தண்டனை என்று சட்டம் போட்டது. வேதத்தைக் கையில் வைத்திருந்தவர்கள்தான் அதையும் போட்டார்கள். எழுத்து தெரிந்தவனை அடக்கி வைக்க முடியாது என்று ஆண்டைகளுக்கு நன்றாகத் தெரியும்.

இங்கேயும் சாதி வடிவில் ஒரு சோதனை வந்தது. 1847இல் மதுரை மிஷன், சாதியை விட்டுவிட்டு எல்லோரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்றது. உபதேசியார்களே பலர் இலையை விட்டு விலகிப் போனார்கள். மிஷன் இறங்கி வரவில்லை. அந்த உறுதிக்கு நான் தலைவணங்குகிறேன். ஆனாலும் கல்லறைத் தோட்டத்திலும் சாதிச் சுவர் எழுந்த தமிழ்நாடு இது. அதையும் இந்த மேடையில் சொல்லித்தான் ஆக வேண்டும்.

அவர்கள் கொடுத்த எழுத்து அவர்கள் நினைத்த இடத்தோடு நிற்கவில்லை. யாழ்ப்பாணத்தில் அவர்களிடம் படித்த சி.வை. தாமோதரம்பிள்ளை பின்னர் சைவராகவே வாழ்ந்தார். கலித்தொகையை ஏட்டிலிருந்து அச்சுக்குக் கொண்டுவந்தார். வேதம் வாசிக்கக் கற்றுக்கொண்ட கண் சங்கப் பாட்டையும் வாசித்தது, பட்டாவையும் வாசித்தது, என் அப்பத்தாவின் மடியில் கிடந்த புரோநோட்டையும் வாசித்தது. அமெரிக்க மிஷன் மட்டும் இல்லை; கத்தோலிக்கர்கள் ராயப்பன்பட்டியில் நடத்துகிற பள்ளிகளும், 1971இல் பெரியகுளத்தில் தொடங்கிய ஜெயராஜ் அன்னபாக்கியம் மகளிர் கல்லூரியும் இன்று நம் பகுதியின் எல்லாச் சமயத்துப் பிள்ளைகளுக்கும் சொந்தம்.

பாதிரிமார்களின் பெயர் புத்தகங்களில் இருக்கிறது. ஆனால் கூரைக்கடியில் உட்கார்ந்து நம் பாட்டிமார்களின் விரலைப் பிடித்து எழுதவைத்த உபதேசியார்கள் நம் ஊர்க்காரர்கள். அவர்களில் பெரும்பாலோர் பெயர் நமக்குத் தெரியாது. என் அப்பத்தாவுக்குக் கற்பித்தவரின் பெயரை அவர் உயிரோடு இருந்தபோது நான் கேட்கவில்லை. அந்தத் தவறை நீங்கள் செய்யாதீர்கள். இன்று இரவு வீட்டுக்குப் போனதும் பெரியவர்களிடம் கேளுங்கள்: முதல் எழுத்தை எங்கே, யாரிடம் படித்தீர்கள்? சொல்வதை ஒரு தாளில் எழுதி, ஊர்ப் பெயரோடு உங்கள் ஊர் நூலகத்தில் கொடுங்கள்.