சின்ன வண்டிதானே!

(நம் சங்கத்தின் ஆண்டுக் கூடுகையில் சிவில் பிரிவு பழைய மாணவர் ஒருவர் ஆற்றிய உரை)



"சாப்பாட்டுக்கு முன்னால் பத்து நிமிஷம் பேசு, தொழில் சம்பந்தமா இருக்கட்டும்" என்றார் செயலாளர். நம்மில் பாதிப் பேர் கட்டடத் தொழிலில் இருக்கிறோம். மீதிப் பேர் வீடு கட்டியிருக்கிறோம், அல்லது கட்டப் போகிறோம். அதனால் எல்லோருக்கும் பயன்படும் ஒரு வண்டியைப் பற்றிப் பேசுகிறேன்.

ஜேசிபியைவிடச் சிறியதாக, நான்கு சக்கரத்தோடு, நின்ற இடத்திலேயே பம்பரம் மாதிரி சுற்றுமே, அந்த வண்டி. ஸ்கிட் ஸ்டியர் லோடர் என்பது அதன் பெயர். எந்தக் கம்பெனி வண்டியாக இருந்தாலும் நம் சைட்டில் அது 'பாப்கேட்'தான். பேஸ்மெண்டில் மண் அள்ள, ஜல்லி தள்ள, சந்துக்குள் போய் இடிபாடு வார, இதற்கு ஈடு கிடையாது.

இது பிறந்தது கட்டட வேலைக்காக அல்ல. அமெரிக்காவில் மினசோட்டா மாநிலத்தில் ஒரு வான்கோழிப் பண்ணைக்காரருக்குக் கொட்டகையின் தூண்களுக்கு நடுவே புகுந்து சுத்தம் செய்ய ஒரு சின்ன வண்டி தேவைப்பட்டது. பட்டறை வைத்திருந்த கெல்லர் சகோதரர்கள் 1957-ல் மூன்று சக்கரத்தில் ஒன்று செய்து கொடுத்தார்கள். நான்கு சக்கரம் 1960-ல் வந்தது. பாப்கேட் என்ற பெயர் 1962-ல் வந்தது.

இந்த வண்டியில் சக்கரம் திரும்பாது. இடது பக்கச் சக்கரங்கள் இரண்டும் ஒரு ஜோடி, வலது பக்கம் ஒரு ஜோடி. ஒரு பக்கம் வேகமாகவும் மறுபக்கம் மெதுவாகவும் ஓடினால் வண்டி சறுக்கிக்கொண்டே திரும்பும். அப்போது பின்பக்கம் வீசிக்கொண்டு வரும். பின்னால் நிற்பவர் ஆபரேட்டர் கண்ணுக்குச் சரியாகத் தெரிய மாட்டார். அதனால்தான் எங்கள் சைட்டில் பத்தடிக்குள் யாரும் வரக் கூடாது என்று விதி வைத்தோம். மண்வெட்டியோடு பின்னாலேயே போகிற சித்தாளுக்கும் அதே விதி.

முதலாண்டு மெக்கானிக்ஸ் வகுப்பில் படித்த நெம்புகோல் ஞாபகம் இருக்கிறதா? இங்கே முன்சக்கரம்தான் தாங்குபுள்ளி. பின்னால் எஞ்சின், முன்னால் பக்கெட். எவ்வளவு எடை ஏற்றினால் பின்சக்கரம் மேலே கிளம்புமோ, அதில் பாதிதான் சக்கர வண்டிக்கு அனுமதிக்கப்பட்ட எடை. 1,400 கிலோவில் கவிழும் வண்டி என்றால் 700 கிலோதான் தூக்கலாம். 0.4 கன மீட்டர் பக்கெட்டில் காய்ந்த மணல் சுமார் 640 கிலோ வரும். மழையில் நனைந்த மணல் என்றால் 800 கிலோவைத் தொடும். பக்கெட் அதேதான், ஆபரேட்டர் அதே ஆள்தான், ஆனால் கணக்கு மாறிவிட்டது.

பேஸ்மெண்ட் ரேம்ப்பில் கனமான பக்கம் எப்போதும் மேட்டைப் பார்த்து இருக்க வேண்டும். லோடு இருந்தால் பக்கெட் மேட்டுப் பக்கம். காலி என்றால் எஞ்சின் பக்கம்தான் கனம், ஆகவே ரிவர்ஸில் ஏற வேண்டும். பக்கெட் தரையை ஒட்டியே இருக்கட்டும். சரிவில் குறுக்கே திரும்பவே கூடாது.

இன்னொன்று, ஸ்லாப் மேலே ஏற்றுவது. குடியிருப்புத் தளத்துக்கு நாம் போடுகிற நகரும் சுமை சதுர மீட்டருக்கு 200 கிலோ. இந்த வண்டியோ இரண்டரை, மூன்று டன். லோடு தூக்கும்போது அதில் பெரும்பகுதி முன்சக்கரம் இரண்டில் வந்து நிற்கும். "சின்ன வண்டிதானே சார், ஏத்திடலாம்" என்று மேஸ்திரி சொல்வார். ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரைக் கேட்காமல் தலையாட்டாதீர்கள்.

இனி நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். இதைச் சொல்வதா வேண்டாமா என்று நேற்று இரவு வரை யோசித்தேன்.

2009-ல் சென்னையில் ஒரு பேஸ்மெண்ட் வேலை. நான் அங்கே பொறுப்பில் இருந்தேன். இந்த வண்டியில் ஆபரேட்டரின் மடிமேல் ஒரு தடுப்புக் கம்பி வரும். அவர் சீட்டில் உட்கார்ந்து, அதை இறக்கினால்தான் பெடல் வேலை செய்யும். தூக்கிவிட்டால் ஹைட்ராலிக் பூட்டிக்கொள்ளும். அந்த சுவிட்ச் அடிக்கடி தகராறு செய்தது. மெக்கானிக் வந்து இரண்டு ஒயரை முறுக்கி நேராகச் சேர்த்துவிட்டுப் போய்விட்டார். நான் பார்த்தேன். "அப்புறம் சரி பண்ணிக்கலாம், இன்னைக்கு வேலை ஓடட்டும்" என்றேன்.

மூன்றாம் நாள், பக்கெட்டுக்கும் கைக்கும் நடுவே ஒரு வேர்க்கட்டை சிக்கிக்கொண்டது. ஆபரேட்டர் கைகளைத் தூக்கி நிறுத்தி, எஞ்சின் ஓட, தடுப்புக் கம்பியைத் தூக்கிவிட்டு எழுந்து, வெளியே எட்டி அதைப் பிடுங்கப் பார்த்தார். கால் பெடலில் பட்டது. கைகள் இறங்கின. உயிர் பிழைத்தார். இடது கை போய்விட்டது.

ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தேன். "மன்னிச்சிடுங்கண்ணே" என்றேன். அவர் கோபப்படவில்லை. "ஒயரை முறுக்கினது நீங்க இல்ல சார். ஆனா பாத்தீங்கல்ல" என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை.

அந்த சுவிட்சைச் சரிசெய்ய ஒரு நாள் வேலை நின்றிருக்கும். ஒரு நாள் வாடகை நஷ்டம். அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு எந்த சைட்டுக்குப் போனாலும் காலையில் முதல் வேலையாக ஆபரேட்டரோடு வண்டியைப் பார்ப்பேன். தடுப்புக் கம்பி பூட்டுகிறதா, சீட் பெல்ட் இருக்கிறதா, பக்கவாட்டு வலையைக் கழற்றி வைத்திருக்கிறார்களா, ரிவர்ஸ் அலாரம் கத்துகிறதா என்று. இறங்குவதற்கு முன் பக்கெட் தரையில் இருக்க வேண்டும், பிரேக் போட வேண்டும், எஞ்சினை நிறுத்த வேண்டும், சாவியை எடுக்க வேண்டும். கைகளைத் தூக்கி வைத்து ரிப்பேர் பார்ப்பதென்றால் கம்பெனி கொடுத்த முட்டுக்கட்டைப் பூட்டைப் போடாமல் அடியில் யாரும் போகக் கூடாது. செங்கல்லும் சவுக்குக் கட்டையும் அதற்கு ஈடாகாது. மூடிய பேஸ்மெண்டில் டீசல் புகை வெளியேற வழியும் வேண்டும்.

நண்பர்களே, ஆபரேட்டர் தினக்கூலிக்கு வருகிறவர். "வேலை ஓடட்டும்" என்று நாம் சொன்னால் அவரால் மறுக்க முடியாது. "நிறுத்து" என்று சொல்லும் அதிகாரம் நம் கையில்தான் இருக்கிறது. நாளைக் காலை உங்கள் சைட்டில் அந்தச் சின்ன வண்டி நின்றால், ஐந்து நிமிஷம் அதன் பக்கத்தில் நில்லுங்கள். முறுக்கின ஒயர் ஏதாவது கண்ணில் பட்டால், பார்த்துவிட்டுப் போகாதீர்கள்.